'போலி இண்டூசியம்': வேறு சொல் வேண்டாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டெரிடேசி குடும்பப் பெரணிகளுக்கான சொற்பட்டியல் ஓரளவு தேறிவிட்டது. இடிப்பது ஒன்றுதான்: பாடநூல்களில் வரும் 'போலி இண்டூசியம்'. அதைப் 'பொய்யுறை' ஆக்கலாம் என்று அல்சூர் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பொய்யே வேண்டாம் என்று படுகிறது.

பெரணி விதைக்குப் பதிலாக உதிர்க்கும் தூள்தான் ஸ்போர்; அது இருக்கும் பை ஸ்போர்ப்பை. பல பெரணிகளில் ஸ்போர்ப்பைக் கூட்டத்தை மூடுவதற்கென்றே இலையின் அடிப்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய சவ்வு முளைக்கும். அதுதான் இண்டூசியம். டெரிடேசியில் அந்தச் சவ்வு கிடையாது. பெரும்பாலும் இலையின் ஓரமே கீழ்ப்பக்கமாக மடங்கி மூடிக்கொள்கிறது. வந்த வழி வேறே தவிர, வேலை அதேதான். ஒழுங்காக வேலை செய்வதைப் போலி என்பானேன்?

என் பரிந்துரை 'விளிம்புமடி'. சேலைத் தலைப்பை மடித்து நாலு நெல்லிக்காயை வாங்கி வைத்துக்கொள்வோமே, அந்த மடி.

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் காரை பெயர்ந்த இடமெல்லாம் டெரிஸ் விட்டாட்டா என்ற டெரிடேசிப் பெரணி முளைத்துக் கிடக்கிறது. சுண்ணாம்பு என்றால் அதற்கு உயிர். மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பதாக 2001இல் அறிவிக்கப்பட்டதே, அதே செடிதான். ஓர் இலையைத் திருப்பி, ஓரத்தை ஊசியால் நிமிர்த்திப் பாருங்கள். ஸ்போர்ப்பைகள் இலையிலேயே பழுப்புக் கோடாக நிற்கும். மடி வெறும் மூடி. இதையே நர்சரித் தொட்டியில் விற்கும், அதே குடும்பத்து அடியாண்டத்தில் செய்தால் கதை வேறு. மடியைத் தூக்கும்போது ஸ்போர்ப்பைகளும் கூடவே வந்துவிடுகின்றன. அவை ஒட்டியிருப்பது மடியின் உட்புறத்தில், அதற்குள் ஓடும் நரம்புகளின் மேல். ஆகவே ஒன்றை 'மூடுமடி' என்றும் மற்றதைத் 'தாங்குமடி' என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம். 'போலி'யை வைத்துக்கொண்டு இப்படிப் பிரிக்க வழியில்லை.

மல்லேஸ்வரத்திலிருந்து

*

அம்மா,

மடி நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் மூன்று சங்கடம். அமீபாவின் போலிக்காலை இத்தனை காலம் பிள்ளைகள் படிக்கிறார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது, கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் மேய்ச்சல் வெளிகளில் மண்டிக் கிடக்கும் பிராக்கன் பெரணி. அதில் மடங்கிய ஓரமும் உண்டு, உள்ளே மெல்லிய உண்மையான சவ்வும் உண்டு. அங்கே உண்மை, போலி என்று பிரிக்காமல் எப்படிப் பேசுவீர்கள்? அப்புறம், ஒரு குடும்பத்தின் அடையாளத்துக்குப் பெயர் வைக்கிறோம் என்றால் அது குடும்பம் முழுவதற்கும் பொருந்த வேண்டாமா?

அல்சூரிலிருந்து

*

ஐயா,

அமீபாவுக்கு வேறு கால் இல்லை, அதனால் போலிக்கால் யாரையும் குழப்பாது. பிராக்கன் டெரிடேசியைச் சேர்ந்ததல்ல என்றாலும் நல்ல சோதனைதான்: வெளியே விளிம்புமடி, உள்ளே இண்டூசியம். இரண்டு உறுப்புக்கு இரண்டு பெயர், முடிந்தது.

மூன்றாவது கேள்விதான் கனமானது. டெரிடேசியில் 50க்கு மேற்பட்ட பேரினங்கள், ஏறத்தாழ 1,200 சிற்றினங்கள். இவை அத்தனைக்கும் பொருந்தும் ஒரே உறுப்பைத் தேடினால் கிடைக்காது. அலையாத்திக் காட்டில் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் அக்ரோஸ்டிக்கத்தில், இலை நுனிப்பக்கச் சிற்றிலைகளின் அடியெல்லாம் கம்பளம் விரித்தாற்போல் ஸ்போர்ப்பைகள், மடியே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலைச் சாலையோரங்களில் குடியேறிய பிட்டிரோகிராமாவில் அடியில் வெள்ளை மாவு மட்டும்தான் காப்பு. மரத்தில் நாடாவாகத் தொங்கும் ஹாப்லாப்டெரிசில் ஓரத்தை ஒட்டி ஒரு பள்ளம், அதற்குள் ஸ்போர்ப்பைகள். நம் ஊர்க் கற்சுவர் இடுக்கில் வளரும் மயில்சிகைக்கு மடி உண்டு; குளத்துச் செராட்டாப்டெரிசுக்கும் உண்டு.

உறவுமுறை இன்னும் வேடிக்கை. அந்த நாடாப் பெரணிகளுக்கும் செராட்டாப்டெரிசுக்கும் முன்பு தனித்தனிக் குடும்பமே கொடுத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு எல்லாம் டெரிடேசிக்குள் வந்து, ஐந்து துணைக்குடும்பங்களாக நிற்கின்றன. 2016இல் உலகப் பெரணி ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட வகைப்பாட்டிலும் அப்படித்தான். செராட்டாப்டெரிசுக்கு நெருங்கிய சொந்தம் அக்ரோஸ்டிக்கம்: ஒன்று குளத்தில், ஒன்று உப்பங்கழியில். நாடாப் பெரணிக்கு நெருங்கிய சொந்தமோ நம் அடியாண்டம். ஒன்றில் நாடா இலை, மடி கிடையாது. மற்றதில் பொடிப்பொடி இலை, ஸ்போரைத் தாங்கும் மடி. உருவத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசியிருந்தால் இந்த இரண்டையும் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். நாடாப் பெரணிக் கிளையில் டி.என்.ஏ. மாறும் வேகமும் அடியாண்டத்தைவிட மிக அதிகம்.

வறண்ட பாறைகளில் வாழும் கைலாந்தஸ் இன்னொரு தலைவலி. உலர்ந்து சுருண்டு கிடந்து மழைக்கு விரியும் சின்னச் செடிகளையெல்லாம் அந்தப் பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரே மாதிரி வறட்சியில் தனித்தனியே ஒரே மாதிரி உருவெடுத்தவை அவற்றில் பல என்று இப்போது தெரிகிறது. அந்தக் கிரேக்கப் பெயருக்கே 'விளிம்புப் பூ' என்றுதான் பொருள். ஓரத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதை நான் தொடங்கிவைக்கவில்லை.

எனவே விளிம்புமடி குடும்ப அடையாளம் இல்லை, ஓர் உறுப்பின் பெயர், அவ்வளவே. எங்கே இருக்கிறதோ அங்கே சொல்வோம். பட்டியலில் 'விளிம்புமடி' என்று போட்டு, பழைய சொல்லை அடுத்த பத்தியில் தருகிறேன்; தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை தேடினால் கிடைக்கட்டும். ஹாப்லாப்டெரிஸ் எலாங்கேட்டாவின் ஓரப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் உதடு மாதிரி விளிம்பு உண்டு. அதற்கு 'விளிம்புப்பள்ளம்' போதுமா, உதட்டையும் பெயரில் சேர்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் பட்டியலை முடித்துவிடுவேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து