வாலண்டினோவை நட்சத்திரமாக்கியது ஒரு கதாசிரியையா?

கேள்வி: ஜூன் மாத்திஸ் என்ற கதாசிரியைதான் ஹாலிவுட் நடிகர் ருடால்ஃப் வாலண்டினோவைத் தூக்கிவிட்டார் என்கிறார்களே, மௌனப் படக் காலத்தில் எழுதுகிறவருக்கு அவ்வளவு செல்வாக்கா?

பதில்: இருந்ததே! மெட்ரோ கம்பெனியில் கதை இலாகாவே அவர் கையில். 1921-ல் வந்த ‘நான்கு குதிரைவீரர்கள்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியதோடு நிற்காமல், சில்லறை வேடங்களில் வந்துகொண்டிருந்த வாலண்டினோதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார், இயக்குநர் ரெக்ஸ் இங்க்ரமும் அவர் தேர்வுதான்.

கேள்வி: அந்த நட்பு கடைசிவரை இருந்ததா?

பதில்: 1926-ல் வாலண்டினோ இறந்தபோது ஹாலிவுட் கல்லறையில் தன் குடும்பத்துக்கான இடத்தைக் கொடுத்தவரும் ஜூன்தான். மறு வருடமே நியூயார்க்கில் நாடகம் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து ஜூனும் இறந்தார், இப்போது இருவரும் பக்கத்துப் பக்கத்தில்.

கேள்வி: எரிக் வான் ஸ்ட்ரோஹைம் மிக நீளமாக எடுத்த ‘கிரீட்’ படத்தை வெட்டிக் குறைத்தவரும் ஜூன்தான் என்கிறார்களே?

பதில்: அந்தப் படத்தை வெட்டிய பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம், கடைசியாகக் கத்திரி போட்டவர் ஜோசப் ஃபார்ன்ஹாம் என்ற இன்னொருவர்.

கேள்வி கேட்டவர்: சரி, அவர் எழுதிய படங்களில் எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: 1922-ன் ‘பிளட் அண்ட் சாண்ட்’. அதுவும் அவர் எழுதியதுதான்.