ராப் மட்டுமே கேட்டவனைக் கீஸ் பிடித்துக்கொண்டது. அடுத்து என்ன கேட்கலாம்?

அரைத்தாளம்:

வணக்கம் மக்களே. நான் முழுக்க முழுக்க ராப் கேட்கிற ஆள். 2024 நவம்பரில் கென்ட்ரிக் லமார் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 'ஜிஎன்எக்ஸ்' ஆல்பத்தைத் தூக்கிப் போட்டார், அன்றைக்கு என் வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. ராக் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. கிதார் கொஞ்ச நேரம் தொடர்ந்து கத்தினாலே விரல் தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

இப்போது ஒரு சிக்கல். புரூக்ளின் குழுவான கீஸ் 2025 செப்டம்பரில் வெளியிட்ட 'கெட்டிங் கில்டு' என்னை விடவே மாட்டேன் என்கிறது. முதல் பாட்டு 'டிரினிடாட்' தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோல மெதுவாக நகர்கிறது. பாடகர் கேமரன் விண்டர் ஏதோ முனகிக்கொண்டே வருகிறார். சட்டென்று என் காரில் குண்டு இருக்கிறது என்று அலறுகிறார், எல்லாக் கருவிகளும் ஒரேயடியாகத் தலைமேல் விழுகின்றன. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி முனகல். அந்த அலறலில் இன்னொரு தொண்டையும் சேர்ந்து கிழிகிறதே, யாரென்று பார்த்தால் நம்ம ஜேபெக்மாஃபியா! ராப்பருக்கு இங்கே என்ன வேலை என்று யோசிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

ஆனால் என்னை மடக்கியது அலறல் அல்ல, டிரம்ஸ். 'டாக்ஸஸ்' பாட்டைக் கேளுங்கள். ஏறக்குறைய பாதி வரை தாளமும் குரலும்தான் முன்னால் நிற்கின்றன. கிதார் வந்து திறக்கும்போது எனக்கு எரிச்சல் வரவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இந்த மாதிரி தாளம் முன்னால் நடக்கிற ராக், இண்டி ஆல்பங்கள் வேண்டும். இரண்டு நிபந்தனைகள்: கடந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். தயவுசெய்து யாரும் தொண்ணூறுகளின் ராப்-ராக் குழுக்களைப் பட்டியல் போட வேண்டாம், அதெல்லாம் நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

நான்காம்_ட்ராக்:

ப்ரோ, நீங்கள் வழி தவறி ராக் பக்கம் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஆள்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார். 'கெட்டிங் கில்டு' ஆல்பத்தின் ப்ரொடியூசர் கென்னத் ப்ளூம். யார் என்று தெரிகிறதா? கென்னி பீட்ஸ்! ராப்பர் டென்சல் கரியின் 'அன்லாக்டு' (2020) கேட்டிருப்பீர்களே, பதினெட்டு நிமிடம்கூட வராத அந்தச் சூறாவளி. வின்ஸ் ஸ்டேபிள்ஸின் 'எஃப்எம்!', ரிக்கோ நாஸ்டியின் 'ஆங்கர் மேனேஜ்மென்ட்' எல்லாம் அவர் கை பட்டவைதான். டிரம்ஸை எங்கே நிறுத்தினால் மார்பில் இடிக்கும் என்று ராப்பில் கற்றுக்கொண்டவர் கிதார் குழுவை ஒலிப்பதிவு செய்தால் இப்படித்தான் வரும். 'கெட்டிங் கில்டு' தலைப்புப் பாட்டில் உக்ரைனியக் கூட்டுப்பாடல் ஒன்றைச் சாம்பிள் எடுத்து (பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து) கிதாருக்கு அடியில் ஓட விட்டிருக்கிறார்கள். இது ராக் குழுவின் பழக்கமா, பீட் போடுகிறவரின் பழக்கமா?

அதனால் என் யோசனை: குழுவின் பெயரை விடுங்கள், ப்ரொடியூசர் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்து ஐடில்ஸ், 'க்ராலர்' (2021). கென்னியும் குழுவின் கிதார்காரர் மார்க் போவனும் சேர்ந்து செய்தது. 'கார் க்ராஷ்' பாட்டை ஹெட்போனில் போடுங்கள். கிழிந்த ஸ்பீக்கர் வழியாக வருவதுபோல ஒரு பீட், அதன் மேல் ஜோ டால்போட் பாடவில்லை, ஏறக்குறைய ராப்தான் செய்கிறார். அது பிடித்தால் 'டாங்க்' (2024). அதில் ரேடியோஹெட்டின் ப்ரொடியூசர் நைஜல் காட்ரிச்சும் கூட இருக்கிறார், 'க்ராலர்' அளவுக்கு முரடானதல்ல, கொஞ்சம் சாதுவானது.

அப்புறம் ஃபான்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ரொமான்ஸ்' (2024). இதில் கென்னி இல்லை, ஜேம்ஸ் ஃபோர்டு. 'ஸ்டார்பர்ஸ்டர்' ஒன்று போதும். வரிகளுக்கு நடுவே பாடகர் கிரியன் சாட்டன் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் இருக்கிறதே, அதையே தாளக் கருவியாக வைத்துவிட்டார்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் அவருக்கு வந்த பதற்றத் தாக்குதலிலிருந்து பிறந்த பாட்டு அது. தெரிந்துகொண்டு கேட்டால் அந்த மூச்சு சும்மா விடாது.

பழைய_கேசட்:

தம்பி அரைத்தாளம், நல்வரவு. நான்காம்_ட்ராக் சொன்ன ஆல்பங்களில் குறை இல்லை, ஆனால் சொன்ன காரணத்தில் எனக்குப் பெரிய ஓட்டை தெரிகிறது. இத்தனை பத்தி எழுதியும் டிரம்ஸ் வாசிக்கிற மாக்ஸ் பாசின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை பாருங்கள். தாளம் பிடித்தது என்று ஒருவன் சொல்கிறான், பாராட்டு மட்டும் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது.

ப்ரொடியூசர் பெயரை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று நானே சொல்கிறேன். அதே ஜேம்ஸ் ஃபோர்டுதான் 'பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு' குழுவின் 'ஃபாரெவர் ஹவ்லாங்' (2025) ஆல்பத்துக்கும் ப்ரொடியூசர். பாடகர் ஐசக் வுட் விலகிய பிறகு மூன்று பெண்கள் பாடலைப் பங்கிட்டுக்கொண்ட அருமையான ஆல்பம், எனக்கு உயிர். ஆனால் 'ஸ்டார்பர்ஸ்டர்' கேட்ட வேகத்தில் நீ அங்கே போனால் பாதியில் எழுந்து வந்துவிடுவாய். ஒரே கைதான், ஒலியில் ஒட்டு உறவே கிடையாது.

இன்னொன்று. கீஸின் முந்தைய ஆல்பம் '3டி கன்ட்ரி' (2023) ப்ரொடியூசர் யார்? அதே ஜேம்ஸ் ஃபோர்டு! பாடகரும் டிரம்மரும் மாறவில்லை, ப்ரொடியூசர் மாறியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு நீயே சொல்.

கொசுறாக: கிதார் கத்தினால் பொறுமை போகிறது என்கிறாயே, தி க்யூர் 2024-ல் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு' கேள். பதினாறு வருடம் கழித்து வந்த ஆல்பம், எட்டே பாட்டு. முதல் பாட்டு 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் ராபர்ட் ஸ்மித் வாயே திறக்க மாட்டார். நீ கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். இருந்தாலும் கேள்.

அடிக்குரல்:

இரண்டு பெரியவர்கள் சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும் 😄

எல்லாரும் ராப்பிலிருந்து ராக்குக்குப் பாலம் போடுகிறீர்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருக்கிறது. ராப்பர் டைலர், தி க்ரியேட்டரின் 'க்ரோமகோப்பியா' ஆல்பத்தில் வரும் 'நாய்ட்' கேட்டிருப்பீர்கள். அந்தக் கிதாரும் அந்நிய மொழிக் குரலும் எங்கிருந்து வந்தவை? ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் எழுபதுகளில் இருந்த ங்கோசி ஃபேமிலி குழுவின் பாட்டிலிருந்து. கிதார் ஒலியைக் கரகரவென்று முறுக்கி, உள்ளூர்த் தாளத்தோடு கலந்து அவர்கள் செய்ததை சாம்ராக் என்பார்கள். புதிய வெளியீடு வேண்டும் என்ற நிபந்தனையை மீறுகிறேன்தான், ஆனால் ராப் ரசிகர் ராக்குக்குள் போக இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. பால் ங்கோசி கிதார் வாசித்தால் நீங்கள் அடுத்த பாட்டுக்குத் தாவ மாட்டீர்கள், பந்தயம்.

அப்படியே க்ளிப்ஸின் 'லெட் காட் சார்ட் எம் அவுட்' (2025) கேட்டாயிற்றா? ஃபாரெல் செய்த பீட்கள், அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பதினாறு வருடத்துக்குப் பிறகு தந்த ஆல்பம். முதல் பாட்டில் புஷா டி அம்மாவைப் பற்றியும் மாலிஸ் அப்பாவைப் பற்றியும் பேசுகிறார்கள். இரண்டு பேரையும் சில மாத இடைவெளியில் இழந்தவர்கள். வழக்கமான மிடுக்கு எதுவும் இல்லாமல், கடைசியாகப் பேசிய பேச்சுகளை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். நான் அதை வெளியில் வைத்துக் கேட்பதில்லை.

அரைத்தாளம்:

எல்லாருக்கும் நன்றி. பழைய_கேசட் அண்ணே, நீங்கள் சொன்ன சோதனையைச் செய்துவிட்டேன்.

'3டி கன்ட்ரி'யிலும் டிரம்ஸ் பிரமாதம், மறுக்கவே முடியாது. முதல் பாட்டு '2122' குரங்குப் பிடியாக இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கிதார் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம், பின்னணிக் குரல்கள் இன்னொரு பக்கம், டிரம்ஸ் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 'கெட்டிங் கில்டு'வில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சுற்ற விடுகிறார்கள், நடுவில் காலி இடம் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் பாசின் விளையாடுகிறார். ஆக வாசித்தது அவர், இடம் ஒதுக்கியது கென்னி. என் காதுக்கு இப்படித்தான் படுகிறது. இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாதீர்கள்.

'க்ராலர்' நேராக உள்ளே போய்விட்டது, இப்போது 'கார் க்ராஷ்' என் பிளேலிஸ்ட்டில் டென்சல் கரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 'டாங்க்' சுமார். 'ஸ்டார்பர்ஸ்டர்' கேட்டபோது என் மூச்சும் சேர்ந்து மாறியது, ஆனால் ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் இன்னும் பிடிபடவில்லை. அடிக்குரல், பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். ங்கோசி ஃபேமிலியைத் தேடிப் போய் இன்னும் திரும்பி வரவில்லை.

'அலோன்' மட்டும் மூன்று நிமிடம் தாண்ட முடியவில்லை அண்ணே.

பழைய_கேசட்:

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போடு. செல்போனைப் பக்கத்து அறையில் வை.

நான்காம்_ட்ராக்:

"இடம் ஒதுக்கியது கென்னி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு அது போதும். 😎 'டாங்க்' சுமார் என்றதைத் தனி இழையில் பேசுவோம்.