பாலின மாற்று அறுவைக்குக் கடன் வாங்கலாமா, காத்திருக்கலாமா?

யாழினி
ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள், அதனால் பொதுவில் கேட்கிறேன். நான் திருநங்கை. ஹார்மோன் எடுக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அடுத்தது வஜைனோபிளாஸ்டி, அதாவது யோனியை உருவாக்கும் அறுவை. காப்பீட்டு நிறுவனம் "அழகு சிகிச்சை" என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. மருத்துவமனை சொன்ன தொகையில் பாதி சேர்த்திருக்கிறேன். மீதிக்குத் தனிநபர் கடன் கிடைக்கும், வட்டிதான் அதிகம். வாங்கி முடித்துவிடலாமா, முழுவதும் சேரும்வரை காத்திருக்கலாமா? "மனசு சொல்வதைக் கேள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மனசு எப்போதோ சொல்லிவிட்டது.

கணக்குப்பிள்ளை
கடன் வேண்டாம். அடுத்தவர் கடன் கணக்கைப் பார்ப்பதே என் வேலை, அதனால் நேராகச் சொல்கிறேன். மருத்துவமனை சொல்லும் தொகையில் பெரும்பாலும் அறுவை, மயக்க மருந்து, படுக்கை, இவ்வளவுதான் இருக்கும். அறுவைக்கு முன்னால் அந்த இடத்து முடியை நிரந்தரமாக அகற்றச் சொல்வார்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொரு தடவைக்கும் தனிக் காசு. வெளுத்த முடியில் லேசர் எடுபடாது, ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடிவேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி. முடிந்த பிறகு யோனி சுருங்காமல் வைக்கும் டைலேட்டர், ஜெல், பஞ்சு, மறுபரிசோதனைக்குப் போய்வரும் செலவு, கூட இருந்து கவனிப்பவரின் செலவு. எல்லாவற்றையும்விடப் பெரியது சம்பளம் வராத வாரங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்பவே ஆறு முதல் எட்டு வாரம் என்பார்கள். தூக்கிச் சுமக்கிற வேலை என்றால் இன்னும் தள்ளும். அந்த வாரங்களில்தான் முதல் தவணையும் வந்து நிற்கும். பாதி சேர்த்துவிட்டேன் என்கிறீர்கள். இதையெல்லாம் கூட்டினால் உங்களிடம் இருப்பது பாதியே இல்லை.

செந்தாழை
சார், கணக்கு சரி, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்கிற வருடங்களில் செலவே கிடையாதா? ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரையை மாதாமாதம் வாங்கத்தானே வேண்டும்? நான் கடன் வாங்கித்தான் செய்தேன். அடைக்க வெகுகாலம் ஆனது, அதில் பொய்யில்லை. ஆனால் அதற்கு முன் உடல் பரிசோதனை கேட்கும் வேலை, விடுதியில் தங்கச் சொல்லும் வேலை என்று ஒவ்வொன்றையும் நானே ஒதுக்கிவிடுவேன். அறுவைக்கு அப்புறம்தான் அந்த மாதிரி வேலைக்கு விண்ணப்பமே போட்டேன். நான் விட்ட அந்தச் சம்பளத்தை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை
எழுத முடியாதுதான். ஆனால் உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது. தையல் பிரிந்து, சிறுநீர்த் துவாரம் சுருங்கி, இன்னொரு முறை மேசையில் படுக்க நேர்ந்திருந்தால்? முதல் கடன் நிற்கும்போது எந்த வங்கி இரண்டாவது கொடுக்கும்?

செந்தாழை
நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்லவே இல்லையே. எனக்கும் தையல் பிரிந்தது, திருத்த அறுவை செய்தார்கள். ஆனால் முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தேன்: குறிப்பிட்ட காலத்துக்குள் திருத்தம் என்றால் அறுவை மருத்துவருக்குக் கட்டணம் கிடையாது, அறைக்கும் மயக்க மருந்துக்கும் மட்டும் நான் கட்ட வேண்டும். யாழினி, வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேள். வாயால் சொன்னால் போதாது, தாளில் வேண்டும்.

இளவேனில்நம்பி
திருநம்பிகள் பக்கத்திலிருந்து ஒன்று. எங்களில் பலர் மார்பு அறுவையோடு நிறுத்திக்கொள்கிறோம். பணம் ஒரு காரணம், எல்லோருக்கும் அதுவே காரணம் இல்லை. ஃபலோபிளாஸ்டி, அதாவது ஆண்குறியை உருவாக்கும் அறுவை, பல கட்டமாக நடக்கும். சிறுநீர்க்குழாயில் ஓட்டை விழுவதும் சுருங்குவதும் அடிக்கடி நடக்கிறவை. அதனால் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்பதை விட்டு, ஒவ்வொரு கட்டமாகத்தான் யோசிக்கிறோம்.

யாழினிக்கும் அப்படி ஒரு நடுவழி உண்டு: ஆர்க்கியெக்டமி, அதாவது விரைகளை மட்டும் எடுப்பது. சின்ன அறுவை, பல இடங்களில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரை வேண்டியதில்லை. எலும்புக்காக ஈஸ்ட்ரோஜனை மட்டும் விடவே கூடாது. மாதச் செலவு குறையும், அந்தக் காசு பெரிய அறுவைக்குச் சேரும்.

செந்தாழை
தம்பி, நல்ல யோசனைதான். ஆனால் இடைவெளி நீண்டால் விரைப்பைத் தோல் சுருங்கும் என்று சில அறுவை மருத்துவர்கள் தயங்குகிறார்கள், பின்னால் யோனியின் உள்பக்கத்தை அமைக்க அந்தத் தோல் தேவைப்படும் என்பதால். பெரிய அறுவையைச் செய்யப்போகிறவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். அப்புறம், இரண்டு தடவை மயக்க மருந்து, இரண்டு தடவை விடுப்பு. சேமிப்பா, கூடுதல் செலவா என்பது ஆளைப் பொறுத்தது.

நேர்ப்பேச்சு
எல்லோரும் கோபப்படலாம், இருந்தாலும் கேட்கிறேன். சொந்த விருப்பத்துக்குச் செய்துகொள்வதற்கு மற்றவர்கள் கட்டும் பிரீமியத்திலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்? இணையத்தில் நிதி திரட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இளவேனில்நம்பி
கோபமில்லை, பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 11-ஆவது பதிப்பை 2019-ல் ஏற்றார்கள், 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பாலின முரண்பாட்டை, அதாவது பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை, மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் வகைப்பாட்டிலிருந்தே நீக்கவில்லை, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்தார்கள். சிகிச்சையும் காப்பீடும் கிடைக்க வழி இருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அர்ஜென்டினா 2012-லேயே ஹார்மோனையும் அறுவையையும் கட்டாயக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. நாங்களும் பிரீமியம் கட்டுகிறோம், உங்கள் முட்டி அறுவைக்கும் அதிலிருந்துதான் போகிறது.

நேர்ப்பேச்சு
முட்டி தேய்வது விருப்பம் இல்லையே. சரி, என் கருத்து மாறவில்லை, விடுங்கள்.

கணக்குப்பிள்ளை
நிதி திரட்டுவதில் எனக்கும் தயக்கம் உண்டு, காரணம் வேறு. பெயர், படம், உடல்நிலை எல்லாம் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் திரும்ப எடுக்க முடியாது. கேட்ட தொகை முழுதாகச் சேராமலும் போகலாம்.

காப்பீட்டில் மட்டும் யாழினி பின்வாங்கக் கூடாது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்படி என்று அதில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டில் மருத்துவர் கடிதமும் நோய்க் குறியீடும் வையுங்கள். புதிய பதிப்பில் எச்ஏ60, பழையதையே வைத்திருக்கும் இடங்களில் எஃப்64. "அழகு" என்ற வாதத்துக்குக் குறியீடுதான் நேரடியான பதில். முழு அறுவைக்கு இல்லை என்றாலும், ரத்தப் பரிசோதனை, மருந்து, படுக்கைக் கட்டணம் என்று பிரித்துக் கேட்டால் ஏதாவது தேறலாம்.

யாழினி
மருத்துவமனை இரண்டு மனநல மருத்துவர்களிடம் கடிதம் கேட்கிறது. அதுவே தனிச் செலவு.

இளவேனில்நம்பி
திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைக் கழகத்தின் வழிகாட்டுதல் 2022-ல் எட்டாம் பதிப்பாக வந்தது. அதில் ஒரு கடிதம் போதும் என்று இருக்கிறது. இரண்டு கேட்டது முந்தைய பதிப்பு. அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ஏற்பார்களா என்பது அவர்கள் கையில்.

மரகதம்
நான் வேறு மாதிரி சேமிக்கிறேன். ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டேன். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

மருந்தாளுநர்
வேண்டாம் மரகதம். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் தம்பிகளுக்கு ரத்தம் கெட்டிப்படலாம். இரண்டும் வெளியே தெரியாமலே நடக்கும். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ என்கிறது. நீங்கள் நிலையான அளவில் இருக்கிறீர்கள் என்றால் குறைக்க இடம் இருக்கிறது, நிறுத்த இல்லை. பரிசோதனைக்கூடம் விற்கும் பெரிய தொகுப்பை வாங்காமல், தேவையானதை மட்டும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

மருந்திலும் மிச்சம் பிடிக்கலாம், மூலப்பெயரில் கேட்டாலே விலை இறங்கும். ஆண் ஹார்மோனை அடக்கும் இன்னொரு மருந்தான சைப்ரோட்டெரோன் எடுக்கிறவர்கள் பழைய சீட்டில் 50, 100 மில்லிகிராம் என்று இருந்தால் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள். 10 அளவிலேயே ஆண் ஹார்மோன் அடங்கிவிடுகிறது என்று இப்போது தெரிகிறது. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் மூளையுறையில் மெனிஞ்சியோமா கட்டி வரும் ஆபத்து கூடுகிறது, அதனால் 2020-ல் ஐரோப்பிய மருந்துகள் முகமை கட்டுப்பாடு விதித்தது. மலிவு என்று கருத்தடை மாத்திரைக்குப் போவது மட்டும் கூடாது. அதில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ராடியால் ரத்தத்தை உறைய வைக்கும்.

செந்தாழை
இதோடு ஒன்று. மார்புக்கும் இடுப்புக்கும் திரவ சிலிக்கான் ஊசி மலிவாகப் போடுகிறேன் என்று யார் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். அது போட்ட இடத்தில் நிற்காது. நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும்.

யாழினி
எல்லோருக்கும் நன்றி. முதலில் மேல்முறையீடு, கூடவே திருத்த அறுவை பற்றி எழுத்தில் கேட்கப்போகிறேன். சம்பளமில்லாத வாரங்களுக்கும் திருத்தத்துக்கும் தனியாக ஒதுக்கிய பிறகு, குறைவது கொஞ்சம்தான் என்றால் அதற்கு மட்டும் கடன்.

கணக்குப்பிள்ளை
அந்தக் கொஞ்சத்துக்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செந்தாழை
நான் வாங்கு என்றுதான் சொல்வேன். மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு வைத்துக்கொள் யாழினி, இல்லையென்றால் அதிலேயே வருடங்கள் ஓடிவிடும்.

யாழினி
அக்கா, முடி அகற்றுவதை இப்போதே தொடங்கலாமா, தேதி கிடைத்த பிறகா?

செந்தாழை
நாள் பிடிக்கும் வேலை, சீக்கிரம் தொடங்குவதுதான் நல்லது. ஆனால் முதல் காசைக் கொடுப்பதற்கு முன் எந்த இடத்துத் தோலை எடுப்பார் என்று அறுவை மருத்துவரிடம் படம் வரைந்து வாங்கிக்கொள், இல்லையென்றால் தேவையில்லாத இடத்துக்கும் சேர்த்துக் கட்டுவாய். சிலர் முன்கூட்டி அகற்றவே சொல்வதில்லை, மேசையிலேயே முடிவேரைச் சுட்டுவிடுகிறார்கள். உன் மருத்துவர் அந்த வகையா என்று கேட்டுச் சொல்.