வேளா மீனைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில் கரைவலை இழுத்தார்கள். தாத்தா காலத்தில் வலையில் வேளா விழுவது அதிசயமில்லை. ஆனால் விழுந்தால் வலை பாழ். கொம்பு என்று நாம் சொல்லும் அதன் ரம்பம் போன்ற நீண்ட மூக்கின் இரு பக்கத்துப் பற்களும் கண்ணிகளில் மாட்டிக்கொள்ளும். மீன் புரளப் புரள வலை இறுகும். கொம்பை வெட்டித்தான் வலையை மீட்பார்களாம். கொம்பு போன வேளா எப்படி இரை தேடும்? அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அப்படி வெட்டிய கொம்பு ஒன்று பெரியப்பா வீட்டில் இருக்கிறது. நுனியில் பற்கள் நெருக்கமாகவும், அடியில் தள்ளித் தள்ளியும் நிற்கின்றன. பச்சை வேளா என்ற வகையின் அடையாளம் அது. சில இடங்களில் வெறும் குழிதான். வேரோடு போன பல் அதற்கு மறுபடி முளைப்பதில்லை. உயிரோடு இருந்தபோது கலங்கல் நீரில் மற்ற மீன்களின் மெல்லிய மின்துடிப்பைக்கூட அந்தக் கொம்பு உணர்ந்திருக்கும்.

ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து:

அண்ணா, எண்பதுகளில் செயின்ட் லூசியா கழிமுகத்தில் ஒரு குட்டியைக் கண்டேன். என் கை நீளம்தான் இருக்கும். சேற்று நிறத்தில் தரையோடு தரையாகக் கிடந்தது. வால் அசைந்த பிறகுதான் மீன் என்றே தெரிந்தது. அப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, "குட்டியைத் தொந்தரவு செய்யாதே, வா" என்று அழைத்துப்போனார்.

குட்டிகள் வளர்வது கழிமுகங்களில்தான். செயின்ட் லூசியா கழிமுகத்தில் கலந்த உம்ஃபொலோசி ஆற்றின் சதுப்பு நிலத்தை வடித்துக் கரும்பு போட்டார்கள். வடிகட்ட சதுப்பு இல்லாமல் வண்டல் நேரே கழிமுகத்துக்கு வந்தது. 1950களில் ஆறு கடலில் சேரும் வாயைக் கழிமுகத்திலிருந்து தனியாகப் பிரித்துவிட்டதில் செயின்ட் லூசியா ஏரிக்கு வரும் நன்னீர் குறைந்தது. 2002க்குப் பிறகு பல ஆண்டுகள் முகத்துவாரம் பெரும்பாலும் மணல் மூடியே கிடந்தது. 1860 முதல் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததும் கரும்புதான். அந்தப் பயிர் இந்த மீனின் தொட்டிலையும் தூர்த்துவிட்டதே என்பது எனக்கு ஆறவில்லை.

டோங்காட்டிலிருந்து:

சுறா வலைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், அக்கா. குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக 1952 முதல் டர்பன் கடலில் வலை கட்டுகிறார்கள். சுறாவுக்கென்று கட்டிய வலை வேளாவை விடுமா? பிழைத்திருந்தவற்றை விடுவித்ததும் உண்டு. இப்போது சில கடற்கரைகளில் வலையைக் குறைத்து, இரை மாட்டிய தூண்டில் தொங்கும் மிதவை போடுகிறார்கள். நல்லதுதான், வேளாவுக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது. தென்னாப்பிரிக்கக் கடலில் உறுதியாகப் பதிவான கடைசி வேளா 1999இல்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் கொம்பு வைத்திருப்பவர்கள் யாருக்கும் விற்க வேண்டாம். வேளாக்களின் சர்வதேச வணிகம் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி தடைசெய்யப்பட்டது. நீளத்தை அளந்து, ஒரு பக்கத்துப் பற்களை எண்ணி, எந்தக் கடலில் எந்த ஆண்டில் கிடைத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். பழைய கொம்பிலிருந்து மரபணுவைக்கூட எடுத்து ஆராய்கிறார்கள். சாட்ஸ்வொர்த் அண்ணா, பெரியப்பா வீட்டுக் கொம்பிலிருந்தே தொடங்கலாமா?