ஜூன் ஹோஸ்டாவில் பச்சை முளை

மேப்பிள் மரத்தடியில் ஜூன் ரக ஹோஸ்டா (நிழலில் வளரும் அழகு இலைச் செடி). இலை நடுவிலுள்ள மஞ்சள் மங்குகிறது. ஒரு பக்கம் முழுக்க நீலப்பச்சையாக இலைகள் கிளம்புகின்றன. உரம் குறைவா?

* * *

உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் மங்குவது வெளிச்சம் போதாமல். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழட்டும். மதிய வெயில் மட்டும் வேண்டாம், இலை கருகும். கோடை முற்றும்போது கொஞ்சம் பச்சை ஏறுவது இந்த ரகத்தின் சுபாவம்.

நீலப்பச்சை இலைகள் வேறு சங்கதி. ஹால்சியன் என்ற நீல ரகத்திலிருந்து திரிந்து வந்ததுதான் ஜூன். இப்போது தாய் தலைகாட்டுகிறது. இலை முழுக்கப் பச்சையம் இருப்பதால் அந்த முளை வேகமாகப் பெருத்து, மற்றதை அமுக்கிவிடும். இலையைக் கிள்ளினால் மறுபடி வரும். மண்ணை விலக்கி, முளை அடிக்கட்டையில் (வேரும் முளையும் கிளம்பும் தடித்த அடிப்பகுதியில்) சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, கட்டைத் துண்டும் வேருமாக வெட்டி எடுங்கள். வசந்தத்தில் முளை விரலளவு இருக்கும்போது செய்தால் சுலபம். வெட்டியதைத் தொட்டியில் வைத்தால் அழகான நீல ஹோஸ்டா கிடைக்கும்!

* * *

வெட்டுமுன் கத்தியைக் கவனிக்கவும். ஹோஸ்டாவைத் தாக்கும் ‘ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்’ என்ற நோய்க்கிருமி செடிச் சாறு வழியாகத்தான் பரவும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர்க் கலவையில் ஊறவிடுங்கள். நரம்பை ஒட்டி மை ஊறியது போல நிறம் பரவி, அந்த இடம் சுருங்கித் தடித்திருந்தால் சந்தேகப்படலாம். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கம்போஸ்ட் குழியில் போட வேண்டாம். புது ரகம் என்று நினைத்து இந்தக் கறையை ரசித்து வாங்கியவர்களும் உண்டு.

* * *

மேப்பிள் வேர் மேலாகவே ஓடும், தண்ணீரையெல்லாம் அதுவே குடித்துவிடும். அடிமரத்தை விட்டுத் தள்ளி, 30 செ.மீ. ஆழம், 60 செ.மீ. அகலத்தில் குழி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரம் கலந்து நடுங்கள். அடிக்கட்டை தரைமட்டத்தில் நிற்கட்டும். வாரம் 2.5 செ.மீ. மழையளவு தண்ணீர், 5 செ.மீ. மூடாக்கு. மூடாக்கு கட்டையைத் தொட்டால் அழுகும், ஓடில்லா நத்தையும் அங்கேயே குடியிருக்கும். நத்தைக்கு இரும்பு பாஸ்பேட் குருணையை முளை தெரியும்போதே தூவுங்கள். இலை விரிந்தபின் விழுந்த ஓட்டை இலை உதிரும்வரை இருக்கும்.

* * *

விதை போட்டுப் பெருக்கலாமா?

* * *

இருநிறம் விதையில் வராது. செல் அடுக்குகள் வேறுபடுவதால் வரும் நிறம் அது. கட்டையைப் பிரித்து, துண்டுக்கு இரண்டு மூன்று முளையாவது இருக்கும்படி நடுவதுதான் வழி.