ஏற்றினால் நிற்காமல் சரிந்து விழும் பிளைண்ட்ஸ்

கேள்வி: தேவனாம்பட்டினம் டீச்சர்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. மாடியில் கிழக்குப் பார்த்த அறையில் காலை ஆறரைக்கே வெயில் கட்டிலுக்கு வந்துவிடும். அதனால் அலுமினியப் பட்டை வைத்த பிளைண்ட்ஸ் போட்டோம், நாலு வருஷமாகிறது. ஒரு மாதமாக அது படுத்தும் பாடு தாங்கவில்லை. கயிற்றை இழுத்தால் ஒழுங்காக மேலே போகிறது, கையை எடுத்தால் சரசரவென்று இறங்கி ஜன்னல் கட்டையில் வந்து தடாலென்று விழுகிறது. இப்போதைக்குக் கயிற்றை ஜன்னல் கம்பியில் சுற்றி வைத்திருக்கிறேன். வாங்கின கடையில் கேட்டால் "மொத்தமா மாத்திடுங்கம்மா" என்கிறார்கள். வீட்டுக்காரர் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அதற்கப்புறம் இன்னும் மோசம். பழுது எங்கேதான் இருக்கிறது?

பதில்: முத்தியால்பேட்டை ஃபிட்டர்

டீச்சரம்மா, முதலில் சாரிடமிருந்து அந்த எண்ணெய்க் குப்பியை வாங்கி வைத்துவிடுங்கள்.

மேலே நீளமாகப் பெட்டி மாதிரி இருக்கிறதே, அதில் கயிறு வெளியே வருகிற மூலையில் லாக் இருக்கும். உள்ளே சொரசொரப்பான சின்ன உருளை ஒன்று சாய்வான பள்ளத்தில் சும்மா கிடக்கும். கயிறு திரும்ப ஓடப் பார்க்கும்போது உருளையையும் உரசிக் கூடவே இழுக்கும். பள்ளம் குறுகுகிற இடத்தில் உருளை போய்ச் சிக்கி, கயிற்றை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த உரசல்தான் மொத்த வேலையும். எண்ணெய் பட்ட கயிறு உருளையை இழுக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

ஆனால் எண்ணெய்க்கு முன்னாலேயே பழுது வந்திருக்கிறதே, அது உப்புக்காற்று வேலை. உப்பும் மணலும் சேர்ந்து உருளை அகலமான பக்கத்திலேயே இறுகி உட்கார்ந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்துப் போனபின் கடற்கரைப் பக்கம் நான் கழற்றிய லாக்கெல்லாம் இப்படித்தான் துருவேறிக் கிடந்தன.

பிளைண்ட்ஸை முழுக்க ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு, இரண்டு முனையிலும் இருக்கும் கிளிப்பைத் திறந்து இறக்குங்கள். கனம் அதிகமில்லை, ஆனாலும் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். லாக்குக்குள் சைக்கிள் பம்பால் ஊதி, பழைய டூத் பிரஷில் சோப்புத்தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கயிற்றையும் சோப்புத்துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். குச்சியால் தள்ளினால் உருளை தாராளமாக நகர வேண்டும். நகரவில்லையென்றால் லாக்கை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று, லாக் தினமும் ஒரே இடத்தில் கடித்துக் கயிறு அங்கே தட்டையாகி மினுமினுக்கும். அடிப்பட்டைக்குக் கீழே இருக்கும் முடிச்சுகளை அவிழ்த்து, எல்லாக் கயிற்றையும் ஒரே அளவு நாலு விரற்கடை கீழே இழுத்து முடிந்தால், லாக்குக்குப் புது இடம் கிடைக்கும். அளவு மாறினால் பிளைண்ட்ஸ் கோணலாகத் தொங்கும், பார்த்துச் செய்யுங்கள்.

பதில்: லாஸ்பேட்டை

எங்கள் வீட்டில் ஸ்பிரிங் வைத்துச் சுருளும் துணி மாடல். அது வேறு கதை. ஏற்றினால் பாதியில் நின்று தொங்கியது. பாதி இறக்கி, கொக்கியிலிருந்து கழற்றி, துணியைக் கையால் சுருட்டி மறுபடி மாட்டினேன். ஸ்பிரிங் முறுக்கேறிவிட்டது. ஆசைப்பட்டு இரண்டாம் தடவையும் சுருட்டினேன். விட்டதும் படாரென்று மேலே பாய்ந்ததில் பூந்தொட்டி போச்சு.

பதில்: மஞ்சக்குப்பம் பாட்டி

அம்மாடி, கம்பியில் சுற்றியிருக்கும் அந்தக் கயிறு குழந்தைகள் கைக்கு எட்டுமா? வளையமாகத் தொங்கினால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். எட்டாத உயரத்தில் சுவரில் ஒரு கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். கட்டிலையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

மறுபடி: தேவனாம்பட்டினம் டீச்சர்

பேத்தி வருகிறாள், கொக்கி நேற்றே அடித்தாயிற்று. தம்பி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம். லாக்குக்குள் எண்ணெயில் ஊறிய மணல், கரிசல் மாதிரி. இரண்டு தடவை சோப்புப் போட்டபின் உருளை 'டக்'கென்று நகர்ந்தது. மூன்று நாளாக நிற்கிறது. முடிச்சு மாற்றும் வேலையைச் சாரிடம் விட்டேன், இடது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து தொங்குகிறது. யாருக்கும் தெரியாது என்கிறார். எனக்குத் தெரிகிறது.