செக்யுலர் குரோத்: ‘நெடும்போக்கு வளர்ச்சி’ சரிவருமா?

நண்பர்களே,

குறைக்கடத்தித் தொழிலின் (அதாவது மின்னணுச் சில்லு, ‘சிப்’ தொழிலின்) எதிர்காலம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். பத்திக்குப் பத்தி ‘செக்யுலர் குரோத்’ வருகிறது. அகராதியோ ‘மதச்சார்பற்ற’ என்கிறது. சில்லு விற்பனைக்கு ஏது மதம்! ‘நீண்டகால வளர்ச்சி’ போதுமா?

*மறுமொழி 1*

போதாது ஐயா. 2022-இல் உலகச் சில்லு விற்பனை சுமார் 57,400 கோடி டாலர். மறு ஆண்டே 52,700 கோடிக்கு இறங்கியது, 2024-இல் 62,800 கோடிக்கு ஏறியது. தட்டுப்பாடு வந்தால் ஆளாளுக்குத் தேவைக்கு மேல் ஆர்டர் போடுகிறார்கள். புது ஆலை எழும்ப இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அது உற்பத்தியைத் தொடங்கும் நேரம் பார்த்துக் கிடங்குகள் நிரம்பிக் கிடக்கும். நினைவகச் சில்லுகள்தான் பலமாக அடிவாங்கும். இது சுழல். காருக்குள்ளும் தரவு மையத்துக்குள்ளும் போகும் சில்லுகளின் மதிப்பு கூடிக்கொண்டே வருகிறதே, அது வேறு. செக்யுலர் என்பது அதைத்தான்.

‘நீண்டகால’ என்றால் கால அளவு மட்டுமே தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000-இன் உச்சம் 20,400 கோடி. அங்கிருந்து 2022 உச்சம் வரை ஆண்டு வளர்ச்சி 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. 2001 பள்ளத்திலிருந்து (13,900 கோடி) தொடங்கினால் கிட்டத்தட்ட 7! இரண்டுமே நீண்டகாலம்தான். ஆனால் இரண்டாவதில் சுழலும் கலந்துவிட்டது. உச்சத்துக்கு உச்சம் அளந்தால் கிடைப்பதை ‘நெடும்போக்கு வளர்ச்சி’ என்போமே.

*மறுமொழி 2*

லத்தீன் மூலத்துக்கு யுகம், தலைமுறை என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு யாராவது ‘ஊழி வளர்ச்சி’ என்று கிளம்புவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். எனக்கு நெடும்போக்கு சம்மதம். ‘நெடும்போக்குச் சரிவு’ என்று மாற்றிப் போட்டாலும் உறுத்தவில்லை. எதிரிணை ‘சுழல் வளர்ச்சி’.

*கேட்டவர்*

சரி, அப்படியே எழுதுகிறேன். 2030-க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் என்ற கணிப்பும் கட்டுரையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக இப்போது குவியும் ஆர்டர்களில் நெடும்போக்கு எவ்வளவு, சுழல் எவ்வளவு என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வெறுமனே ‘வளர்ச்சி’ என்று மட்டும் போடுகிறேன்.